சி.என்.சி. ரவுட்டரில் இரண்டு பக்கமும் செதுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.என்.சி. ரவுட்டரில், அதாவது கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் இயந்திரத்தில், ஒரு பக்கம் மட்டும் செதுக்கிச் சுவரில் மாட்டுகிற வேலை கைவந்ததும், கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி முழு உருவம் செய்யலாமே என்ற ஆசை வரும். அங்கேதான் கேள்விகளும் ஆரம்பிக்கும். பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பலகையைப் புரட்டிய பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தவில்லை. பிட்டை (சுழன்று வெட்டும் முனை) மாற்றினாலோ மென்பொருளை மாற்றினாலோ இது சரியாகாது. எதை ஆதாரமாக வைத்து அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். நீளம் 200 மி.மீ., அகலம் 90, தடிமன் 26. வெட்டப்போகும் பலகை 260 × 140 × 30 மி.மீ. மீனின் நீளம் X அச்சில், அதாவது இடவலமாகக் கிடக்கிறது. Y என்பது முன்பின் திசை, Z மேல்கீழ்.

மூன்று அச்சு ரவுட்டரில் எந்த உருவத்தையும் இப்படிச் செதுக்கிவிடலாமா?

முடியாது. பிட் மேலிருந்து நேராகக் கீழே மட்டும்தான் இறங்கும். ஆகவே உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் மேலிருந்தோ கீழிருந்தோ நேர்ப்பார்வையில் தெரிய வேண்டும். மீன், இலை, கரண்டி, முகமூடி, சீப்பு இதெல்லாம் சுலபம். கையை இடுப்பில் மடக்கி நிற்கும் பொம்மை என்றால், கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள குடைவு எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியாமல் போகலாம். மாடலைத் திரையில் நேர் மேலிருந்து ஒரு தடவை, நேர் கீழிருந்து ஒரு தடவை பாருங்கள். இரண்டிலும் ஒளிந்துகொள்ளும் இடம் இருந்தால் அங்கே மரம் அப்படியே நின்றுவிடும். பிறகு உளியை எடுக்க வேண்டியதுதான்.

அப்படியானால் ரோட்டரி அச்சு (மரத்தைச் சுழற்றித் தரும் கூடுதல் அச்சு) வாங்கிவிடலாமா?

மேசைக்கால், தூண் மாதிரி நீண்டு உருண்ட வேலைகள் நிறைய இருந்தால் வாங்கலாம். தட்டையான உருவங்களுக்குப் பலகையைப் புரட்டுவதே வேகமான வழி.

எந்தப் பக்கமாகப் புரட்டுவது?

இரண்டு வழி உண்டு. புத்தகப் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி இடது விளிம்பை வலப்பக்கம் கொண்டுவரலாம். அது Y அச்சைச் சுற்றிப் புரட்டுவது. அல்லது எதிரே உள்ள விளிம்பை நம் பக்கம் கொண்டுவரலாம். அது X அச்சைச் சுற்றி. இரண்டும் சரிதான். ஆனால் மென்பொருளில் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ கையாலும் அதையே செய்ய வேண்டும். மாற்றிப் புரட்டினால் ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் வாலுமாக வந்து நிற்கும். பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வைப்பது நல்லது. காலையில் தெளிவாக இருக்கிற மூளை ரஃபிங் (அதிக மரத்தை வழித்தெடுக்கும் முதல் முரட்டு வெட்டு) முடிகிற நேரத்தில் அவ்வளவு தெளிவாக இருக்காது.

நீளமான பொருளை அதன் நீள அச்சைச் சுற்றிப் புரட்டுவதே எனக்குப் பிடித்த வழி. ஏன் என்பது அடுத்த பதிலில் வரும்.

டவல் முளைகளை (பலகையை இடத்தில் நிறுத்தும் சிறு உருளைக் குச்சிகள்) எங்கே வைப்பது, எத்தனை வைப்பது?

இரண்டு போதும், ஆனால் இரண்டும் புரட்டும் அச்சின் மேலேயே இருக்க வேண்டும். மீனை X அச்சைச் சுற்றிப் புரட்டுகிறோம் என்றால், பலகையின் நடுக்கோட்டில், அதாவது Y = 0 கோட்டில், இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு முளை. எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. துளையில் இருக்கும் சிறு தளர்வு பலகையைக் கொஞ்சம் திருப்பத்தான் செய்யும். முளைகள் 230 மி.மீ. தள்ளி இருந்தால் அந்தத் திருப்பம் தெரியாது, 60 மி.மீ. தள்ளி இருந்தால் தெரியும். நீள அச்சைச் சுற்றிப் புரட்டச் சொன்னது இதற்காகத்தான்.

செய்கிற முறை இது. பலகையை ஸ்பாயில்போர்டின் (வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்று இயந்திரத்தின் படுக்கையாகப் போட்டிருக்கும் பலகை) மேல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். XY ஜீரோவை, அதாவது இயந்திரம் அளக்கத் தொடங்கும் புள்ளியைப் பலகையின் நடுவில் வையுங்கள். கண்ணளவில் நடு இருந்தாலே போதும், ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே இருந்தால் பரவாயில்லை. 6 மி.மீ. பிட்டால் பலகையைத் துளைத்து, அதே இறக்கத்தில் ஸ்பாயில்போர்டுக்குள்ளும் 10 மி.மீ. வரை போகட்டும். பலகைத் துளையும் படுக்கைத் துளையும் ஒரே நேரத்தில், ஒரே ஜீரோவில் விழுகின்றன. அதனால் பலகையைப் புரட்டி அதே துளைகளில் உட்கார வைக்கும்போது Y = 0 கோடு தன் இடத்தை விட்டு நகராது. X திசையில் எதுவும் மாறவே இல்லை. பலகை கோணலாக அறுக்கப்பட்டிருந்தாலும் கவலை இல்லை. ஒன்று மட்டும், பிட்டின் வெட்டும் நீளம் 40 மி.மீ. ஆழத்துக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் பிட்டின் தண்டு துளையின் சுவரில் உரசிப் புகையும்.

ஒரு சின்னத் தந்திரம்: முளைகளை நடுவிலிருந்து சம தூரத்தில் வைக்காதீர்கள். ஒன்று −118, இன்னொன்று +112 என்று வைத்தால், தப்பான அச்சில் புரட்டும்போது பலகை முளைகளில் உட்கார்ந்தாலும் 6 மி.மீ. தள்ளி நிற்கும். பலகையின் முனையைப் படுக்கையில் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

கடையில் விற்கும் மர டவல் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், ஈரத்துக்கும் ஊதும். இரும்பு அல்லது பித்தளைக் கம்பித்துண்டு மேல். அதன் தலை பலகையின் மேற்பரப்புக்குக் கீழே இருக்கட்டும், பிட் அந்தப் பக்கம் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்பாயில்போர்டில் நாலைந்து முறை போட்டு எடுத்தாலே துளை தளர்ந்துவிடும். அடிக்கடி செய்கிறவர்கள் கடினமரத்திலோ அலுமினியத்திலோ தனி ஜிக் பலகை செய்து வைத்துக்கொள்ளலாம்.

விளிம்பை ஒரு கட்டையில் முட்டவைத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு வேலை?

போதும், பலகையின் அகலம் நீங்கள் நினைக்கிற அகலமாகவே இருந்தால். கணினியில் 140 என்று போட்டிருக்கிறீர்கள், நிஜத்தில் 140.6 இருக்கிறது என்று வையுங்கள். முதல் பக்கம் செதுக்கும்போது மீனின் நடுக்கோடு முதல் விளிம்பிலிருந்து 70 மி.மீ. புரட்டினால் கட்டையில் முட்டுவது எதிர் விளிம்பு. இப்போது நடுக்கோடு அந்த விளிம்பிலிருந்து 70. இரண்டு நடுக்கோடும் 0.6 மி.மீ. விலகிவிட்டன. மீனின் முதுகில் விரலை ஓட்டினால் அந்தப் படி தெரியும்.

Z ஜீரோ மேற்பரப்பிலா, படுக்கையிலா?

மிக அதிகமாகக் குழப்பும் கேள்வி. "இரண்டு பக்கத்துக்கும் படுக்கையில் வை" என்று பலர் சொல்வார்கள். "இரண்டுக்கும் மேற்பரப்பில் வை" என்று வேறு சிலர். இரண்டு வழியிலும் பலகையின் தடிமன் கணக்கில் வந்துவிடுகிறது. தடிமன் தப்பினால் பொருத்தமும் தப்பும்.

பலகையின் இரு முகங்களை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். முதலில் அ மேலே இருக்கிறது. அந்த முகத்தைத் தொட்டு Z ஜீரோ வைத்துச் செதுக்குங்கள். மீனின் நடுத்தளம் அங்கிருந்து 15 மி.மீ. கீழே. புரட்டியதும் அ முகம் கீழே போய்ப் படுக்கையில் உட்காருகிறது. இப்போது படுக்கையைத் தொட்டு ஜீரோ வையுங்கள். நடுத்தளம் அங்கிருந்து 15 மி.மீ. மேலே. இரண்டு முறையும் நாம் அளந்தது அதே அ முகத்திலிருந்துதான். பலகை 30 என்று நினைத்தது 30.4 ஆக இருந்தால் என்ன ஆகும்? ஆ பக்கத்தில் வழிக்க வேண்டிய தோல் 0.4 மி.மீ. கூடும், அவ்வளவுதான். மீனுக்கு எதுவும் ஆகாது.

இது பலிக்க இரண்டு நிபந்தனைகள். உருவத்தைச் சுற்றி ஒரு சட்டம் மாதிரி பலகையை வெட்டாமல் விட வேண்டும். புரட்டியதும் படுக்கையில் உட்காருவது அந்தச் சட்டத்தின் அ முகம். அடுத்தது, படுக்கை இயந்திரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்பாயில்போர்டை அகலமான பிட்டால் ஒரு முறை சமன்செய்துவிடுங்கள். புரட்டுவதற்கு முன் தூளை ஊதினால் போதாது, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அடியில் மாட்டிய ஒரு சிராய் அரை மில்லிமீட்டரைத் தூக்கிவிடும்.

உங்கள் மென்பொருள் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு Z ஜீரோ வைக்க விடாவிட்டால், பலகையை முதலில் சமமாக இழைத்து, வெர்னியரில் நாலு மூலையும் அளந்து, அந்த எண்ணையே தடிமனாகக் கொடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஓரங்களில் பொருந்தவில்லை. ஏன்?

இயந்திரத்தின் X, Y அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் செதுக்கும்போது இந்தக் கோணல் கண்ணில் படாது; புரட்டும்போது எதிர்த்திசையில் விழுந்து இரட்டிப்பாகும். ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. கோணல் இருந்தால் 90 மி.மீ. அகலமுள்ள மீனின் ஓரத்தில் விலகல் 0.09 மி.மீ. தான், உப்புத்தாளில் போய்விடும். 600 மி.மீ. அகலமுள்ள வேலை என்றால் 0.6 மி.மீ. ஆகிவிடும். நாலு மூலையிலும் துளை போட்டு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் முதலில் கேன்ட்ரியை, அதாவது பிட்டைத் தாங்கி நகரும் குறுக்குச் சட்டத்தைச் சரிசெய்யுங்கள். இதே காரணத்தால்தான் நாலு முளை வைப்பவர்களுக்குப் புரட்டியதும் பலகை உட்காரவே மாட்டேன் என்கிறது.

நல்ல மரத்தைத் தொடும் முன் சோதிக்க வழி உண்டா?

உண்டு. கழிவுப் பலகை ஒன்றில் முளைத்துளைகளைப் போட்டு, உருவத்தின் ஓரம் வரும் இடங்களில் 3 மி.மீ. துளைகளை ஒரு பக்கத்திலிருந்து பாதி ஆழம் இறக்குங்கள். புரட்டி அதே இடங்களில் மறுபாதி. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: துளை முழு வட்டமாகத் தெரிந்தால் நல்லது, இரு முனையும் கூர்ந்த இலை மாதிரி ஒடுங்கியிருந்தால் விலகல் இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள், கண்ணுக்குத் தெரியும் விலகல் உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. 0.4 விலகினால் மையத்தை 0.2 நகர்த்தினால் போதும். 0.4 நகர்த்திவிட்டு மறுபடி மறுபக்கம் தப்பி நிற்பவர்கள் நிறைய.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் புரட்ட வேண்டுமா?

சின்ன வேலைக்கு அப்படியே செய்யலாம். ஆனால் மரத்துக்குள் இறுக்கம் இருக்கும். ஒரு பக்கம் நிறைய வழித்தெடுத்தால் பலகை வளையும். பெரிய வேலை, தடித்த பலகை, அகலமான ஒற்றைத் துண்டு என்றால் இரண்டு பக்கமும் முதலில் ரஃபிங் மட்டும் செய்யுங்கள், 1 மி.மீ. விட்டுவிட்டு. ஓரிரு நாள் காற்றாட வையுங்கள். அப்புறம் ஃபினிஷிங், அதாவது கடைசி நுண்வெட்டு. கூடுதலாக இரண்டு முறை புரட்ட வேண்டியிருக்கும். முளைகள் சரியாக இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

எந்த பிட்? ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு?

ரஃபிங்குக்கு 6 மி.மீ. ஃபிளாட் எண்ட்மில் (அடி தட்டையான பிட்). ஃபினிஷிங்குக்கு 3 மி.மீ. பால்நோஸ் (நுனி உருண்ட பிட்) பெரும்பாலான வேலைக்குப் போதும். செதில், கண் மாதிரி நுணுக்கம் வேண்டுமென்றால் நுனி 1 மி.மீ. உள்ள டேப்பர் (நுனி நோக்கிக் கூம்பும்) பால்நோஸ். அதை உருவம் முழுக்க ஓட்டாதீர்கள், தேவையான இடத்தில் மட்டும் எல்லை போட்டு ஓட்டுங்கள்.

பால்நோஸ் விட்டுச்செல்லும் வரப்பின் உயரம், ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தை பிட் ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். 3 மி.மீ. பிட்டில் 0.6 ஸ்டெப்ஓவர் வைத்தால் வரப்பு 0.03 மி.மீ. 0.3 வைத்தால் 0.0075. ஸ்டெப்ஓவரைப் பாதியாக்கினால் வரப்பு நாலில் ஒன்றாகிறது, நேரமோ இரட்டிப்புதான். அதனால் பிட் விட்டத்தில் 10 சதவீதம் வரை இறங்குவது லாபம். அதற்குக் கீழே போவது மரத்தில் பெரும்பாலும் வீண். மரத்தின் இழையே அந்த வரப்பைவிடக் கரடாக இருக்கும்.

நேரத்தையும் பார்ப்போம். 90 மி.மீ. அகலத்தை 0.3 வீதம் கடக்க 300 ஓட்டம், ஒவ்வொன்றும் 200 மி.மீ. மொத்தம் 60 மீட்டர். நிமிடத்துக்கு 2000 மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். மேடுபள்ளத்தில் இயந்திரம் முழு வேகத்தை எட்டவே எட்டாது என்பதால், கணக்கில் வருவதைவிடக் கூடத்தான் ஆகும்.

ஃபீட், வேகம்?

ஃபீட் என்பது பிட் மரத்தில் நகரும் வேகம். அது: ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சுழற்சி × வெட்டுவாய்களின் எண்ணிக்கை × ஒரு வாய் கடிக்கும் அளவு. 16000 × 2 × 0.08 = நிமிடத்துக்கு 2560 மி.மீ. வருவது சிராயாக இருந்தால் நன்று. மாவு மாதிரிப் பொடி வந்து மரமும் கருத்தால் ஃபீட் குறைவு அல்லது சுழற்சி அதிகம்.

நடுவில் சுற்றிலும் மெல்லிய விளிம்பு ஒன்று மிஞ்சுகிறதே?

இரண்டு பக்கமும் சரியாக நடுத்தளத்தில் நின்றால் அப்படித்தான் ஆகும். பால்நோஸின் நுனி உருண்டை. நுனி நடுத்தளத்தைத் தொடும்போது சுவரை ஒட்டிய மூலையில் ஆரம் அளவுக்கு மரம் மிஞ்சும். ஓரத்தில் மட்டும் பிட்டை அதன் ஆரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடுத்தளத்தைத் தாண்டி இறக்குங்கள். 3 மி.மீ. பிட் என்றால் 2 மி.மீ. இல்லையென்றால் ஃபிளாட் பிட்டால் வெளிக்கோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வெட்டிவிடலாம், அது இன்னும் வேகம்.

பிடிப்புப் பாலங்களை எங்கே விடுவது?

மீனையும் சட்டத்தையும் இணைக்கும் துண்டுகள் மர இழையின் திசையிலேயே ஓடினால் பலம் அதிகம். பலகையின் இழை நீளவாக்கில் இருக்கிறது என்றால் தலையிலும் வாலிலும் பாலம். பக்கவாட்டில் விடும் பாலம் இழைக்குக் குறுக்கே வரும், பிட் அதிர்ந்தால் பட்டென்று ஒடியும். 6 மி.மீ. தடிமன், 8 மி.மீ. அகலம் என்பது இந்த அளவு வேலைக்கு நிம்மதியான அளவு. செதில், கண் இருக்கும் இடத்தைத் தொடாமல், பிறகு சீவ எளிதான மொட்டை இடமாகப் பாருங்கள்.

இரண்டாம் பக்கம் செதுக்கும்போது வால் அதிர்கிறது. என்ன செய்யலாம்?

அடியில் ஏற்கெனவே குடைந்தாகிவிட்டது, வால் அந்தரத்தில் நிற்கிறது. அதனால்தான் அதிர்கிறது. முதல் பக்கத்தின் குழிவுகளை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். சின்ன வேலைக்கு நாலைந்து இடத்தில் ஹாட் குளூ போதும், பிறகு உரித்தெடுத்துவிடலாம். பெரிய குழிவுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றலாம், ஆனால் அதன் ஈரம் மரத்துக்குள் இறங்கும், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டு ஊற்றுங்கள். இறுகியதும் அ முகத்தோடு சமமாக வழித்துவிட்டுத்தான் புரட்ட வேண்டும். ஒரே உருவத்தைப் பலமுறை செய்பவர்கள் முதல் பக்கத்தின் எதிர் வடிவத்தை ஃபோமில் வெட்டி அடியில் கொடுப்பது சுத்தமான வழி. மெல்லிய பகுதியைக் கடைசியில் வெட்டுகிற மாதிரி வரிசையை மாற்றினாலும் பாதி அதிர்வு குறையும்.

மேற்பரப்பைச் செதுக்கியாயிற்று. பிட் மாற்றினால் Z எங்கே தொடுவது?

சட்டத்தின் ஒரு மூலையில் கைபடாத இடம் இருக்குமே, அங்கே. எந்த மூலை என்று வேலை ஆரம்பிக்கும்போதே பென்சிலில் வட்டம் போட்டுவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் படுக்கையைத் தொட வேண்டியிருப்பதால், பலகைக்கு வெளியே படுக்கையில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். கிளாம்ப் போடும்போது அதையும் மறைத்துவிடாதீர்கள்.

நடுவில் மின்சாரம் போனால்?

லிமிட் ஸ்விட்ச் (அச்சின் எல்லையை உணரும் ஸ்விட்ச்) இருந்தால் ஹோமிங் செய்து, அதாவது இயந்திரத்தை அந்த எல்லைக்கு அனுப்பி, பழைய ஜீரோவுக்குத் திரும்பலாம். ஸ்விட்ச் இல்லாவிட்டாலும் முளைத்துளைகள் இருக்கின்றனவே. பலகையை எடுத்துவிட்டு, ஸ்பிண்டிலில் முளையின் விட்டமுள்ள நேர்க்கம்பியை மாட்டி, படுக்கைத் துளைக்குள் உரசாமல் இறங்கும் இடத்தைத் தேடுங்கள். அந்தத் துளையின் X எண் உங்களிடம் இருக்கிறது, Y என்னவோ 0 தான். அந்த எண்களைக் கொடுத்துத் தொடரலாம். இதற்காகவே முளைகளின் இருப்பிடத்தை எழுதி வைப்பது நல்லது.

எந்த மரம் நல்லது?

இழை நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருப்பது. மேப்பிள், வால்நட், செர்ரி, மகோகனி எல்லாம் நுணுக்கத்தைப் பிடித்து நிறுத்தும். தேக்கு அழகுதான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா பிட் முனையைத் தின்றுவிடும். பைன் மலிவாகக் கிடைக்கிறது என்று போனால் வளையத்துக்கு வளையம் கடினமும் மென்மையுமாக மாறி மாறி வந்து நார் எழும்பும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாமா?

வேண்டாம். மழுங்கிய பிட் ஒரே இடத்தில் உரசினால் கங்கு உண்டாகும். அதைத் தூசி உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டால் பைக்குள் நெருப்பு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இருக்கிறது, ஆகவே முகமூடி இல்லாமல் பக்கத்தில் உட்காரவும் வேண்டாம்.

சட்டத்திலிருந்து எப்படி எடுப்பது?

மெல்லிய ரம்பத்தால் பாலங்களை உருவத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி அறுங்கள். மிச்சத்தைக் கூரான உளியால், இழை இறங்கும் திசையில் சீவுங்கள். எதிர்த்துச் சீவினால் வாலோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் 180 உப்புத்தாள், 240 உப்புத்தாள். செதில் உள்ள இடத்தில் தாளை விட்டுவிட்டு நைலான் பிரஷ் போடுங்கள். தாள் செதிலின் கூர்மையை மழுக்கிவிடும்.